உடைந்தது ஒரு பல்தான்

மாங்கொட்டையில் நான்கு பற்கள் பதிந்து நின்றன. முனிலட்சுமி அந்தக் கொட்டையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவை யாருடைய பற்கள் என்பது சில நொடிகளுக்கு அவளுக்குப் புரியவே இல்லை.

ஜூன் மாதம். சூளகிரியைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீன். வண்டிகளுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் செய்து அனுப்பும் இடம் அது. மாம்பழக் காலத்தில் புதன்கிழமைகளில் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு பழம் வைப்பார்கள். முனிலட்சுமி பழத்தைத் தின்று முடித்து, கொட்டையில் ஒட்டியிருந்த சதையை முன்பற்களால் சுரண்டி இழுத்தாள். அந்த இழுப்பில்தான் மேல்வரிசையின் நான்கு பற்களும் ஒரே துண்டாகக் கழன்று வந்துவிட்டன. வலி இல்லை. ரத்தமும் இல்லை. வாய்க்குள் காற்று மட்டும் சில்லென்று ஏறியது.

எதிரில் உட்கார்ந்திருந்த, அவளோடு லைனில் வேலை செய்யும் மணிமேகலை கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் போட்டாள். "யக்கா... உன் வாய்ல..." என்றாள்.

முனிலட்சுமி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறு கையால் கொட்டையைக் காகிதத்தில் சுருட்டி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள். கதவைத் தாழிட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். நான்கு பற்கள் இருந்த இடத்தில், சீவிச் சீவித் தேய்ந்த பென்சில் முனைகள் போல, பழுப்பு நிறத்தில் நான்கு குச்சிகள் இருந்தன. அவற்றைச் சுற்றி ஈறு கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. பதின்மூன்று ஆண்டுகளாகத் தன் வாய்க்குள் இருந்த அவற்றை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தாள். உதட்டைச் சட்டென்று விட்டுவிட்டாள்.

மணிமேகலை கதவைத் தட்டி ஒரு முகக்கவசத்தை உள்ளே நீட்டினாள். அதை மாட்டிக்கொண்டு முனிலட்சுமி மறுபடி லைனுக்குப் போனாள். ஷிஃப்ட் முடிய மூன்றரை மணி நேரம் இருந்தது. லைனின் கடைசியில் நின்று, முடிந்து வரும் ஒவ்வொரு வயர்க் கட்டையும் சோதிப்பது அவளுடைய வேலை. வயர் முனையை இழுத்துப் பார்ப்பாள், விரல் நகத்தால் தடவிப் பார்ப்பாள். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு. சரியில்லாததை அங்கே 'என்.ஜி.' என்பார்கள், அதற்குச் சிவப்புச் சீட்டு. பதினோரு வருடமாக இதே வேலை. அவள் கையைத் தாண்டி ஒரு பழுதும் வெளியே போகாது என்று அங்கே பெயர். அன்று பிற்பகல் அவள் கைகள் பழக்கத்தில் வேலை செய்தன. மனதுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. தன் முன்பற்கள் பொய்ப்பற்கள் என்று கணவன் ராஜப்பனுக்குத் தெரியாது.

முனிலட்சுமி பிறந்தது மத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில். பெற்றோர் மாந்தோப்பிலும் நிலக்கடலைக் காட்டிலும் கூலி வேலை செய்தவர்கள். ஊரில் எல்லோருக்கும் போர்வெல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளைத் திட்டுகளும், இடையிடையே பழுப்புக் கீற்றுகளும் இருக்கும். எல்லோருக்கும் அப்படியே இருந்ததால் அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. அவளுடைய குறை வேறு. பதினோரு வயதில் கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது பம்பின் பிடி எகிறி வாயில் அடித்தது. மேல்வரிசையில் வலப்பக்க முன்பல் பாதி உடைந்தது. மீதிப் பாதி ஒரு வருடத்துக்குள் கறுத்துப்போனது. அன்றிலிருந்து அவள் உதட்டை மூடியபடியே சிரிக்கப் பழகினாள்.

பெண் பார்க்க ராஜப்பன் வீட்டார் வந்த அன்றைக்கும் உதட்டைத் திறக்கவில்லை. கேட்ட கேள்விகளுக்குத் தலையை ஆட்டினாள். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ராஜப்பனுக்கு அந்த அமைதி பிடித்துப்போனது. கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தபோது, அவளுடைய அம்மா சென்னம்மாள் யாரோ சொன்னதைக் கேட்டு, ஜூஜுவாடியைக் கடந்து கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்துக்கு அவளைக் கூட்டிப்போனாள். மாடியில் ஒற்றை அறை, ஒரு நாற்காலி, ஓர் ஆள். அவன் வாயைத் திறக்கச் சொன்னான், ஊசி போட்டான். மெஷின் ஓட ஆரம்பித்தது. பக்கத்துப் பற்களிலும் மெஷின் பட்டபோது அவள் கையைத் தூக்கினாள். "நாலும் சேத்துக் கட்டுனாதான்மா நிக்கும், பேசாம இரு" என்றான். முகம் முழுவதும் மரத்துப்போன நிலையில் அவள் என்ன பேசுவது? அன்றைக்கு மேலே ஏதோ மாவை அப்பி மூடிவிட்டு, ஆறு நாள் கழித்துப் போனபோது பளபளவென்று நான்கு வெள்ளைப் பற்களை ஒட்டி அனுப்பினான். கல்யாணப் படங்களில் எல்லாம் அவள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது ராஜப்பன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆறாவது படிக்கும் மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள்.

"இன்னாத்துக்கு மாஸ்க்கு? சளியா?"

அவள் உள்ளே போனாள். அவன் பின்னாலேயே வந்தான். அவள் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, காகிதச் சுருளைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். ராஜப்பன் பற்களைப் பார்த்தான், அவள் வாயைப் பார்த்தான், மறுபடி பற்களைப் பார்த்தான். யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதுபோல ஓரடி பின்னால் போனான்.

"எங்கியாவது வுழுந்தியா? வண்டி மோதிச்சா?"

"இல்ல. இது கட்டுனது. கல்யாணத்துக்கு முன்னாடி."

உடைந்த பல்லையும், கைப்பம்பையும், மாடி அறையையும் அவள் சொல்லி முடித்தாள். பற்கள் இல்லாமல் அவளுக்கே அவள் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. பாதி வார்த்தைகள் காற்றாகப் போயின. ராஜப்பன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"பொண்ணு பாக்க வந்தப்ப நீ சிரிக்கவே இல்ல" என்றான். "தாலி கட்டுன அன்னைக்கு அப்படிச் சிரிச்ச. எங்க அண்ணன்கிட்ட சொன்னேன், பாருண்ணா, பொண்ணுக்கு என்னைப் புடிச்சிருக்குன்னு. இத்தினி வருசமா அதையே நெனச்சிக்கினு இருக்கேன்."

"புடிச்சதாலயும்தான் சிரிச்சேன்."

"எனக்கு என்னா தெரியும் அது?"

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. கோபத்தில் கத்தியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. கழன்ற துண்டை அவளே பசை போட்டு ஒட்டலாமா என்று யோசித்தாள். மணிமேகலைதான் திட்டித் தடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் ராஜப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னான்: "ஞாயித்துக்கெழம ஓசூர்ல ஒரு டாக்டர்ட்ட டோக்கன் சொல்லி வச்சிருக்கேன். அந்தப் பல்லத் தூக்கிப் போட்றாத. எடுத்துக்கினு வரச் சொன்னாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் "பன்னி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று உட்காரச் சொல்லி, அவர்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். டாக்டர் சுஜாதாவுக்கு ஐம்பது வயது இருக்கும். எதைச் செய்வதற்கு முன்னாலும் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவார். முதலில் எக்ஸ்ரே எடுத்தார். பிறகு பேனா போன்ற ஒரு கேமராவை வாய்க்குள் காட்ட, சுவரில் இருந்த திரையில் அந்த நான்கு குச்சிகளும் கையளவு பெரிதாகத் தெரிந்தன. ராஜப்பன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எந்தப் பல்லு உடைஞ்சது?" டாக்டர் கேட்டார்.

முனிலட்சுமி விரலை வைத்துக் காட்டினாள்.

"மத்த மூணுக்கும் என்ன ஆச்சு? சொத்தையா இருந்துச்சா? வலி இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல டாக்டரு. கறை மட்டும்தான். எங்க ஊர்ல எல்லாருக்கும் இருக்கும்."

டாக்டர் கேமராவைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார். கழன்று வந்த துண்டை எடுத்து விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உடைஞ்சது ஒரு பல்லுதான். அதுக்கு ரூட் கேனல் பண்ணி, அது ஒண்ணுக்கு மட்டும் மேல மூடி மாதிரி கேப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். மத்த மூணும் நல்ல பல்லு. அந்த மூணையும் ராவி எடுத்திருக்காங்க."

முனிலட்சுமிக்குத் தலைக்குள் அந்த மெஷினின் சத்தம் கேட்டது. பதின்மூன்று ஆண்டுகளாகத் தான் ராஜப்பனை ஏமாற்றியதாக நினைத்துத் தினமும் பயந்து வாழ்ந்தவள் அவள். தன்னை ஒருவன் ஏமாற்றியிருக்கிறான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"மூணு நல்ல பல்லையுமா?" என்று ராஜப்பன் எழுந்து நின்றான். "நல்ல பல்லையா மேடம்?"

"ஆமாங்க."

அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான். திரும்பி வரக் கால்மணி நேரம் ஆனது. முகத்தைக் கழுவியிருந்தான், காலர் எல்லாம் ஈரம். வந்து நாற்காலியில் உட்காராமல் முனிலட்சுமியின் தலைமாட்டில் நின்றுகொண்டான். அவள்மேல் இருந்த கோபம் அங்கேயே முடிந்தது.

டாக்டர் சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது. உடைந்த பல்லுக்கு அன்றைக்கு ரூட் கேனல் செய்யாமலே மேலே மூடியிருந்தார்கள். எக்ஸ்ரேயில் அதன் வேர் நுனியில் கறுப்பு வட்டம் ஒன்று தெரிந்தது. ஈறில் அவ்வப்போது ஒரு கொப்புளம் வந்து உடைந்துபோகும், முனிலட்சுமி அதைச் சூட்டுக் கொப்புளம் என்று நினைத்திருந்தாள். அது உள்ளே இருந்த சீழ். இடது ஓரப் பல்லிலும் சொத்தை ஆழமாக இறங்கியிருந்தது. இரண்டுக்கும் ரூட் கேனல் வேண்டும்.

"இன்னொண்ணு கேக்கறேன். கவரிங் கம்மல் போட்டா உங்களுக்குக் காது புண்ணாகுமா?"

முனிலட்சுமி திடுக்கிட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டே நாள்ல அரிச்சுச் சீழ் வச்சிரும். வாட்ச் பட்டைகூட ஆகாது."

"இந்தக் கேப்போட உள்பக்கம் மட்டமான உலோகம். அதுல நிக்கல் இருக்கலாம். கவரிங் நகையிலயும் அதுதான் இருக்கும். உங்க ஈறு இப்படிச் சிவந்திருக்கறதுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம். அடிச்சுச் சொல்ல மாட்டேன், தோல் டாக்டர்ட்ட ஒரு டெஸ்ட் இருக்கு. ஆனா உலோகமே இல்லாம கேப் பண்ண முடியும்கறப்ப, நாம ஏன் அந்தப் பக்கம் போகணும்?"

ராஜப்பன் அடுத்த வாரமே தனியாக எல்லைக்கு அந்தப் பக்கம் போனான். கட்டடம் இருந்தது. மாடி அறையில் செல்போன் பழுது பார்க்கும் கடை நடந்துகொண்டிருந்தது. கீழே டீக்கடைக்காரரிடம் கேட்டான், பக்கத்துக் கடைகளில் கேட்டான். பல் கட்டும் ஆள் ஒருவன் அங்கே இருந்ததாக ஒருவருக்கும் நினைவில்லை. "யாரைப் போய்க் கேக்கறது?" என்று வீட்டுக்கு வந்து சொன்னான். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

சென்னம்மாளுக்கு முனிலட்சுமி போனில் சொன்னாள்.

"நான் வெளிய படிக்கட்டுல உக்காந்துக்கினு இருந்தேன்டி" என்றாள் சென்னம்மாள். "உள்ள மெஷினு ஓடிக்கினே இருந்துச்சு. ஒரு பல்லுக்கு இம்மாம் நேரமான்னு நெனச்சேன். எழுந்திரிச்சுப் போய்க் கேக்கணும்னு தோணிச்சு. படிச்சவங்கள நாம இன்னா கேக்கறதுன்னு உக்காந்துட்டேன்." அதற்குப் பிறகு அழுகைதான் கேட்டது. முனிலட்சுமி அழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து போய்க் கேட்டிருந்தால் என்று ஒரு முறை நினைத்தாள். அன்று முழுவதும் அந்த நினைப்பு அவளை விடவில்லை.

ரூட் கேனல் இரண்டும் முடிய ஐந்து வாரம் ஆனது. அதுவரை பிளாஸ்டிக்கில் தற்காலிகப் பற்கள் வைக்க வேண்டும். என்ன நிறம் என்று டாக்டர் கேட்டபோது முனிலட்சுமி யோசிக்கவே இல்லை. "பழையபடி வெள்ளையா வைங்க." டாக்டர் ஒரு முறை அவளைப் பார்த்தார். "சரி, இது எப்படியும் மாத்தப்போறதுதானே. வச்சுப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் லைனில் மணிமேகலை அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"இன்னாடி?"

"கோச்சிக்காத யக்கா. நீ பின்னாடி வர்ற, உன் பல்லு முன்னாடி வருது."

முனிலட்சுமி போனை எடுத்துத் தன் முகத்தைப் படம் பிடித்துப் பார்த்தாள். கோரைப் பற்களும் கீழ்வரிசையும் வெண்ணெய் நிறத்தில், வெள்ளைத் திட்டுகளோடும் லேசான பழுப்போடும் இருந்தன. நடுவில் நான்கு மட்டும் டியூப் லைட் போட்டதுபோல் நின்றன. இதையேதான் பதின்மூன்று வருடம் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தாளா? வீட்டுக்கு வந்ததும் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

நிலையான கேப் எது என்று முடிவு செய்யும் நாளில் இருவருமே போனார்கள். டாக்டர் ஒரு கறுப்புத் துணியை விரித்து மூன்று மாதிரிகளை வைத்தார்.

"இது உள்ள உலோகம், மேல பீங்கான். ரொம்ப வருசமா போடறோம். உறுதியானது, விலையும் கம்மி. சரியான உலோகத்துல, சரியாப் பண்ணா இது ஒண்ணும் கெட்டதில்ல. ஆனா முன்பல்லுக்கு வச்சா, நாளானா ஈறு ஓரத்துல சாம்பக் கோடு தெரிய வாய்ப்பு இருக்கு. உங்க ஈறுக்கு இது வேண்டாம்." அதைத் தள்ளி வைத்தார். இரண்டாவதை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. "இது கிளாஸ் செராமிக். நிஜப் பல்லு மாதிரியே இருக்கும்."

"அப்ப அதுதான் வேணும்" என்றாள் முனிலட்சுமி.

"கொஞ்சம் இருங்க. வெளிச்சம் உள்ள போகுதுல்ல? அப்ப உள்ள இருக்கற நிறமும் வெளிய தெரியும். உங்க உடைஞ்ச பல்லோட அடி கறுப்பா இருக்கு. மேல இதைப் போட்டா அந்த ஒண்ணு மட்டும் நிழல் அடிச்ச மாதிரி நிக்கும்." மூன்றாவதை எடுத்தார். "இது சிர்கோனியா. உலோகம் இல்ல, ஆனா உறுதி. உள்ள இருக்கற கறுப்பை மறைச்சிரும். இதைத் தனியாப் போட்டா கொஞ்சம் உயிர் இல்லாத மாதிரி தெரியலாம். அதனால முன்பக்கம் மட்டும் மெல்லிசா பீங்கான் வச்சு, கடிக்கற பக்கம் சிர்கோனியாவாவே விட்டுருவோம். நாலும் ஒரே ரகமா இருக்கட்டும். ஆனா நாலும் தனித்தனி. சேத்து ஒட்ட மாட்டேன்."

"சேத்து ஒட்டுனாதான் நிக்கும்னு அவன் சொன்னான்" என்றான் ராஜப்பன்.

"ஒவ்வொரு பல்லும் தன் கால்ல நிக்கும்போது எதுக்குச் சேக்கணும்? சேத்தா நடுவுல நூல் போட்டுச் சுத்தம் பண்ண முடியாது. உள்ள சொத்தை வந்தாலும் தெரியாது. அப்படித்தான் இங்க ஆயிருக்கு."

"எத்தினி வருசம் வரும் மேடம்?"

"கேப் வரும். அதுக்கு அடியில இருக்கற பல்லு வரணும். மூணு பல்லுக்கு எனக்குக் கவலை இல்ல. உடைஞ்ச பல்லு பத்து வருசம் வரலாம், அதுக்கு முன்னாடியும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன். ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால கிழிப்பீங்களா?"

முனிலட்சுமி ராஜப்பனைப் பார்த்தாள். அவன் மேலே பார்த்துக்கொண்டான்.

"இனிமே கத்திரிக்கோல்" என்றார் டாக்டர். பிறகு சீப்புபோல வரிசையாகப் பல் நிறங்கள் கோத்த ஒரு பட்டையை எடுத்தார். முனிலட்சுமி இந்த முறை வெள்ளைக் கோடிக்குப் போகவில்லை. போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். சென்னம்மாள் டிரங்குப் பெட்டியைக் குடைந்து கண்டுபிடித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் படம் எடுத்து அனுப்பியது. நான்காம் வகுப்பு விளையாட்டு விழா. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு டிபன் பாக்ஸைப் பரிசாகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து சிரிக்கிறாள். நான்கு பற்களும் முழுதாக இருந்தன. ஓரங்களில் மேகம்போல வெள்ளைத் திட்டுகள், நடுவில் லேசான பழுப்பு.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது சொத்தை இல்ல. தண்ணியில இருக்கற ஃபுளோரைடால வர்ற கறை. அதுவும் லேசானது. இதுக்கு வெறும் பாலிஷே போதும். எவ்வளவு உறுதியான பல்லு!" சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"இது மாதிரியே செய்ய முடியுமா?"

"கறையோடவா?" என்றான் ராஜப்பன். அவனால் நம்ப முடியவில்லை. "காசு குடுத்துக் கறை போட்டுக்குவாங்களா யாராச்சும்?"

"மத்த பல்லுலாம் அப்படித்தானே இருக்கு? அதோட சேரணும். எனக்கு அதுதான் வேணும்."

"பழுப்பை ரொம்பக் குறைச்சிக்கலாம், வெள்ளைத் திட்டு மட்டும் கொஞ்சம் வைக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். "லேபுல கையால வரையறவர் ஒருத்தர் இருக்கார். அவர் ரொம்ப சந்தோசப்படுவார்."

பற்கள் வந்ததும் ஒட்டுவதற்கு முன் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். முனிலட்சுமி நெடுநேரம் பார்த்தாள். நாக்கால் உள்பக்கம் தடவினாள். "வயர், வயர், வெங்கடம்மா, வாவா" என்று சொல்லிப் பார்த்தாள், 'வ' சொல்லும்போது உதடு பல்லில் தட்டுகிறதா என்று. பிறகு டாக்டரிடம் நூல் கேட்டு வாங்கி ஒவ்வொரு பல்லுக்கு இடையிலும் விட்டு மெதுவாக இழுத்தாள். மற்ற இடங்களில் நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. இடது ஓரப் பல்லில் இழுத்த நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"இது என்.ஜி., டாக்டரு."

"என்னது?"

"நூலு பிசிறுது. ஓரத்துல எங்கியோ சொரசொரன்னு இருக்கு."

உதவிக்கு நின்ற பெண் வாயைப் பிளந்தாள். டாக்டர் சுஜாதா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டு, மெல்லிய கொக்கி ஒன்றை எடுத்து அந்தப் பல்லின் ஓரத்தில் மெதுவாக ஓட்டினார். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாம் முறை கொக்கி ஓரிடத்தில் தடுக்கி நின்றது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"நான் ரெண்டு தடவ செக் பண்ணினேனே" என்றார். "பத்தொன்பது வருசத்துல ஒரு பேஷண்ட் எனக்கு ரிஜெக்ட் போட்டது இதுதான் முதல் தடவ."

முனிலட்சுமிக்கே தன் தைரியம் அதிர்ச்சியாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயெடுத்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்று டாக்டர் அந்த ஒரு பல்லை மட்டும் தனியாக டப்பாவில் போட்டு மூடினார். "இதைத் திரும்பச் செய்யச் சொல்றேன். வர்ற செவ்வாய்க்கெழம வாங்க."

செவ்வாய்க்கிழமை நூல் பிசிறவில்லை. நான்கையும் ஒட்டினார்கள். ஈறின் சிவப்பு ஒரு மாதத்துக்குள் இறங்கியது. கொப்புளம் திரும்ப வரவில்லை. தோல் டாக்டரிடம் போனதில் முதுகில் ஒட்டிய மருந்துத் துண்டுகளில் நிக்கல் வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சுஜாதா சொல்லியிருக்கிறார்.

மாட்டுப் பொங்கலுக்கு மூவரும் மத்தூர்ப் பக்கம் போனார்கள். சென்னம்மாள் பேத்தியைக் கொஞ்சினாள், மாப்பிள்ளைக்குக் காபி கொடுத்தாள். மகளின் முகத்தை நேராகப் பார்க்க மட்டும் கூச்சப்பட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டு முடித்து முனிலட்சுமி கரும்புத் துண்டு ஒன்றைக் கத்தியால் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகள் ஏதோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தாள். சென்னம்மாள் அப்போதுதான் துணிந்து அவள் வாயைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டாள்.

"ஏன்டி, இன்னும் எத்தினி நாளு இழுப்பாங்க? புதுப் பல்லு எப்பதான் வைக்கறாங்களாம்?"

முனிலட்சுமி கரும்பைத் தட்டில் வைத்தாள். "வச்சு நாலு மாசமாச்சும்மா."

சென்னம்மாள் மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். குனிந்து பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள். வெள்ளைத் திட்டு ஒன்றின் மேல் விரலை வைக்கப்போய், வைக்காமல் எடுத்துக்கொண்டாள். எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த விளையாட்டு விழாப் படத்தை எடுத்து வந்து, மகளின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.